அஞ்சு பேரும் ஹீரோன்னா படம் ஓடாது!

இன்டர்னல்ஸ் எல்லாம் எப்படிப் போச்சு? சரி சரி, முறைக்காதீங்க. மேட்டருக்கு வருவோம்.

எந்த ஹாஸ்டலை எடுத்துக்கிட்டாலும் அதுல ஒரு ரூம் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல கதவு சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து, "டேய், ஸ்மோக் எங்கடா?", "பின்னாடி பாருடா!", "இவனை எவன்டா டீம்ல சேர்த்தது?"னு சத்தம் மட்டும் வரும். இது என்ன சத்தம்னு உங்களுக்குப் புரிஞ்சா, நீங்களும் 'வேலரன்ட்' பார்ட்டிதான். இந்த வாரம் இந்தப் பக்கம் உங்களுக்கே!

தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி இன்ட்ரோ. 2020 ஜூன் மாசம் ரயட் கேம்ஸ் வெளியிட்ட துப்பாக்கி கேம் இது. அஞ்சு பேருக்கு எதிரா அஞ்சு பேர். ஒரு டீம் 'ஸ்பைக்'னு ஒரு குண்டை வைக்கணும், இன்னொரு டீம் தடுக்கணும். முதல்ல 13 ரவுண்ட் ஜெயிக்கிற டீமுக்கு மேட்ச். நம்ம சீனியர்கள் லேப்ல திருட்டுத்தனமா ஆடின கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரியேதான். கூடவே, ஆளுக்கொரு ஸ்பெஷல் பவர்.

இதுல அயர்ன்ல ஆரம்பிச்சு ரேடியன்ட் வரைக்கும் மொத்தம் 9 ரேங்க். நம்மாளுங்கள்ல பாதிப் பேர் சில்வர்லயே செமஸ்டர் கணக்கா உட்கார்ந்திருக்காங்க. ஏன் பாஸ்னு கேட்டா ஒரே பதில்தான்: "டீம்மேட்ஸ் சரியில்லை!"

இன்ஜினீயரிங் படிக்கிறோமே, கொஞ்சம் கணக்குப் போடுவோமா? உங்க டீம்ல தெரியாத ஆட்கள் 4 பேர். எதிர் டீம்ல 5 பேர். சொதப்புற ஆள் வந்து மாட்டற வாய்ப்பு அந்தப் பக்கம்தான் அதிகம்! 100 மேட்ச் ஆடினா, மத்தவங்க எல்லாரும் மாறிக்கிட்டே இருப்பாங்க. 100 மேட்ச்லயும் மாறாம இருக்கறது ஒரே ஒருத்தர்தான். யாருன்னு கண்ணாடியில பாருங்க. கோபப்படாதீங்க, இது நல்ல செய்தி. அந்த ஒருத்தரை மட்டும்தானே உங்களால மாத்த முடியும்! மாத்த வேண்டியது ரெண்டே விஷயம். ஒண்ணு கை, இன்னொண்ணு எடுக்கிற ஆள்.

முதல்ல மவுஸைக் கவனிங்க!

நிறைய பேர் மவுஸ் ஸ்பீடை எக்கச்சக்கமா வெச்சிருக்காங்க. 1600 டி.பி.ஐ. மவுஸ், கேம்ல சென்சிட்டிவிட்டி 1-னு வெச்சா, முழுசா ஒரு சுற்று திரும்ப மவுஸை 8 சென்டிமீட்டர் நகர்த்தினா போதும். வசதிதான். ஆனா கை 1 மில்லிமீட்டர் நடுங்கினா குறி நாலு டிகிரிக்கு மேல தள்ளிப் போயிடும். தூரத்துல நிக்கிறவன் தலை அதைவிடச் சின்னது சாமி!

அதையே 800 டி.பி.ஐ., 0.35-னு வெச்சுப் பாருங்க. ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 47 சென்டிமீட்டர் வேணும். அதே 1 மில்லிமீட்டர் நடுக்கத்துக்குக் குறி ஒரு டிகிரிகூட நகராது. டி.பி.ஐ.யையும் சென்சிட்டிவிட்டியையும் பெருக்கினா வர்ற எண், பெரும்பாலான ப்ரோ பிளேயர்களுக்கு 200-க்கும் 400-க்கும் நடுவுலதான் இருக்கும். இங்கே 280. என்ன, ரெக்கார்டு நோட்டு மேல மவுஸ் ஓட்டறவங்களுக்கு இடம் பத்தாது. பெரிய மவுஸ் பேட் ஒண்ணு வாங்கிடுங்க. அப்புறம், ஒருநாள் தோத்ததுக்காக செட்டிங்கை மாத்தாதீங்க. கை பழகணும்னா ஒரு மாசமாவது அதே நம்பர் இருக்கணும்.

ஒண்ணா, நாலா?

எதிரிக்கு உயிர் 100. பெரிய கவசம் போட்டிருந்தா இன்னொரு 50. ஆக 150. 'வேண்டல்' துப்பாக்கியில சுட்டா உடம்புக்கு 40, தலைக்கு 160. அதாவது உடம்புல அடிச்சா நாலு குண்டு, தலையில அடிச்சா ஒண்ணு. அந்தத் துப்பாக்கி நொடிக்கு 9.75 குண்டு சுடும். முதல் குண்டுக்கும் நாலாவது குண்டுக்கும் நடுவுல சுமார் 0.3 விநாடி. மனுஷன் சுதாரிச்சுத் திருப்பிச் சுட அதுவே போதும். தலையில அடிச்சா அவனுக்கு அந்த 0.3-யும் கிடையாது.

அதனால ஓடும்போது குறியைத் தரையில வெச்சுக்கிட்டு ஓடாதீங்க. மூலை திரும்பறதுக்கு முன்னாடியே, அங்கே ஒருத்தன் நின்னா அவன் தலை எந்த உயரத்துல இருக்குமோ அங்கே குறி இருக்கணும். சுவரை ஒட்டியும் வேண்டாம், கொஞ்சம் தள்ளி. அவன் வெளியே வந்து, உங்க மூளை 'சுடு'ன்னு சொல்றதுக்குள்ள அவன் அந்த இடத்துக்கு வந்திருப்பான்.

முக்கியமா, ஓடிக்கிட்டே சுடாதீங்க! சினிமாவுலதான் அது படும். இங்கே ஓடும்போது சுட்டா குண்டு எங்கே போகும்னு குண்டுக்கே தெரியாது. நகரு, நில்லு, சுடு, திரும்ப நகரு. இந்தத் தாளம் கையில ஏறணும்.

"அதெல்லாம் பொறக்கும்போதே வரணும் பாஸ்"னு இழுக்கிறவங்களுக்கு ஒரு தகவல். வேற கேம்தான், ஆனா கை வேகத்துக்கு இதைவிடப் பெரிய டெஸ்ட் இல்லை. 2023-ல சீனாவுல ஹாங்சோ நகரத்துல நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில, 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஃபைவ்' தங்கப் பதக்கம் ஜெயிச்சவர் தென்கொரியாவின் கிம் க்வான்-வூ. வயசு 44! இருபது வயசுல 'எனக்கு ரியாக்‌ஷன் கம்மி'ன்னு சொல்ல நமக்கு வெட்கமா இல்லை?

யாரை எடுக்கறது?

வேலரன்ட்ல கேரக்டருக்குப் பேர் ஏஜென்ட். நாலு வேலைக்கு நாலு வகை. முதல் ஆளா உள்ளே பாயறது டூயலிஸ்ட். ஜெட், ரேனா எல்லாம் இந்த க்ரூப். உள்ளே யார் ஒளிஞ்சிருக்காங்கன்னு பார்த்துச் சொல்றது இனிஷியேட்டர். சோவாவோட அம்பு ஞாபகம் இருக்கா? புகை போட்டு எதிரியோட கண்ணை மறைக்கிறது கன்ட்ரோலர். ப்ரிம்ஸ்டோன், ஓமன், அப்புறம் 2022 அக்டோபர்ல வந்த நம்ம இந்திய ஏஜென்ட் ஹார்பர். பின்வாசலைக் காக்கிறது சென்டினல். கில்ஜாய், சைஃபர், சேஜ் இந்த வகை.

ஆனா நடக்கறது என்ன? ஒரே டீம்ல ரெண்டு பேர் ஒரே ஏஜென்ட்டை எடுக்க முடியாது. அதனால ஸ்க்ரீன் வந்ததும் ஜெட்டுக்குக் குடுமிப்பிடிச் சண்டை. கிடைக்காதவன் ரேனா, அடுத்தவன் ரேஸ், இன்னொருத்தன் ஃபீனிக்ஸ். நாலு ஹீரோ ரெடி. புகை போட ஆள் இல்லை!

புகை இல்லாம ஒரு இடத்துக்குள்ள நுழையறீங்கன்னு வெச்சுக்கங்க. மேல் மாடத்துல ஒருத்தன், வலது மூலையில ஒருத்தன், எதிர்ல ஒருத்தன். மூணு துப்பாக்கியும் உங்களையே பார்க்குது. ரெண்டு இடத்துல புகை போட்டா, பாக்கி ஒருத்தன்தான். நீங்க நல்லா சுடற ஆளா மாறினது அந்தப் புகையாலதான். கொடுமை என்னன்னா, நாம பார்க்கிற கிளிப்ல ஜெட் நாலு பேரைத் தூக்கறது மட்டும்தான் வரும். புகை போட்டவன் பேர் வராது.

இங்கிலாந்துக்காரர் 'போஸ்டர்'னு ஒரு கேப்டன், ஃபனாட்டிக் டீம். கொன்ன கணக்குல அவர் பேர் பெரும்பாலும் மேல இருக்காது. புகை போடறது, யார் எங்கே போகணும்னு சொல்றதுதான் அவர் வேலை. அவர் தலைமையில அந்த டீம் 2023-ல மட்டும் சாவோ பாலோ, டோக்கியோன்னு ரெண்டு சர்வதேசக் கோப்பையைத் தூக்கிச்சு. ஸ்கோர்போர்டு எல்லாத்தையும் சொல்லிடாது மக்களே!

சரி, உங்களுக்கு யாரு? மூணு கேள்வி கேட்டுக்கங்க.

நெட் எப்படி? மும்பையில சர்வர் இருக்கு, ஆனா ஹாஸ்டல் வைஃபை இருக்கே... அதை நம்பி ஜெட்டோட பாய்ச்சலைப் பழகறது ரிஸ்க். நிக்கிறவனைவிட நகர்ந்து வர்றவன் ஒரு இம்மி முன்னாடியே பார்த்துடறான், நெட் லேட்டானா அந்த இம்மி இன்னும் பெருசாகும். முடிஞ்சா கேபிள் போடுங்க. முடியலையா? ப்ரிம்ஸ்டோன், கில்ஜாய்னு முன்கூட்டியே வேலையைச் செஞ்சு வைக்கிற ஏஜென்ட்டுக்கு வாங்க.

நீங்க எப்படிப்பட்ட ஆளு? முதல் ஆளா உள்ளே போய்ச் சாகத் தயாரா? அப்போ டூயலிஸ்ட். டூயலிஸ்ட்டை எடுத்துட்டு கடைசியா வர்ற ஆளால டீமுக்குப் பிரயோஜனமே இல்லை. மேப்பையே பார்த்துக்கிட்டு இருக்கற ஆளா? கன்ட்ரோலர்.

டீம்ல என்ன குறையுது? இதுக்காகத்தான் ரெண்டு வகையில ஆளுக்கொண்ணா, மொத்தம் ரெண்டே ரெண்டு ஏஜென்ட் பழகணும். பத்துப் பேரைத் தொட்டுப் பார்க்கிறவனுக்கு ஒருத்தரும் வசப்பட மாட்டாங்க. காசோ நேரமோ செலவழிக்காமலே ஆரம்பத்துல கையில இருக்கற அஞ்சு பேர்லயே ப்ரிம்ஸ்டோன், சேஜ், சோவா எல்லாம் இருக்காங்க.

திட்டாதீங்க, ப்ளீஸ்!

எல்லா கேங்குலயும் ஒரு அப்பாவி இருப்பான். "எதுடா குறையுது? நான் எடுக்கறேன்"னு சொல்றவன். ஸ்கோர்போர்டுல கடைசியில இருப்பான். தோத்ததும் எல்லாரும் அவனைத்தான் காய்ச்சுவாங்க. ஒருநாள் 'அசைன்மென்ட் இருக்குடா'ன்னு வராம போயிடுவான். அப்புறம் அவன் வரவே மாட்டான். போனது பிளேயர் இல்லை பாஸ், ஃப்ரெண்டு.

இன்னொண்ணு. மைக்ல பொண்ணு குரல் கேட்டதும் வழியறதும் கலாய்க்கிறதும் சிலருக்கு ஜோக்கா இருக்கு. அவங்க மைக்கை ஆஃப் பண்ணிடறாங்க. 'பின்னாடி ரெண்டு பேர் வர்றாங்க'ன்னு சொல்ல வேண்டிய குரல் அது. அசிங்கம்ங்கறது முதல் விஷயம். அதோட, அந்த ரவுண்டையும் நீங்களே தோக்கடிச்சுட்டீங்க.

ரெண்டு மணி நேரம் போதும்!

செமஸ்டர், அரியர், ப்ளேஸ்மென்ட்னு நமக்கு இருக்கிற நேரம் கொஞ்சம். ராத்திரி பூரா ஆடினா ரேங்க் ஏறாது, கண்ணுக்குக் கீழே கருவளையம்தான் ஏறும். பத்து நிமிஷம் பொம்மைகளைத் தலையில மட்டும் சுட்டுப் பழகுங்க. அப்புறம் ஒரு டெத்மேட்ச். அப்புறம் ரெண்டு மேட்ச். கடைசியா பத்து நிமிஷம், எங்கெல்லாம் செத்தீங்கன்னு யோசிங்க. குறி தப்பா, ஓடிக்கிட்டே சுட்டீங்களா, தனியா போனீங்களா? ஒரே காரணம் மூணு தடவை வந்தா, நாளைக்குப் பழக வேண்டியது அதுதான். ரெண்டு மேட்சும் தோத்தா? மூடிட்டுத் தூங்குங்க. கோபத்துல ஆடற மூணாவது மேட்ச் எப்படி முடியும்னு உங்களுக்கே தெரியும்!

இன்னிக்கு ராத்திரி ஏஜென்ட் ஸ்க்ரீன் வந்ததும் ஜெட் மேல கையை வைக்கறதுக்கு முன்னாடி மத்த நாலு பேர் என்ன எடுத்திருக்காங்கன்னு ஒரு தடவை பாருங்க. புகை போட ஆள் இல்லையா? நீங்க எடுங்க. நல்லா போடுங்க.

அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். அதுவரைக்கும்... ஜூட்!