வினாக்கொத்துக்கு அகப்படாதவர்

தொழில்நுட்பத்தை மக்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பது பட்டப்பின் படிப்பு மாணவர்க்கு உகந்த ஆய்வுப்பொருளாக இன்று ஏற்கப்பட்டுவிட்டது. ஆயின், அதனுள் நுழைய அவர்க்குக் காட்டப்படும் வாயில் பெரும்பாலும் ஒன்றே. கைத்தொலைபேசி உண்டா, இல்லையா. திருப்தி அதிகமா, ஓரளவா என வினாக்கொத்து அச்சாகும். இருநூறு பேர் புள்ளடி இடுவர். கணினி சதவீதங்களைத் தரும். ‘மக்களிடையே போதிய விழிப்புணர்வு இன்மை’ முடிவுரையிற் கண்டறியப்படும். வினாக்கொத்து அச்சாகுமுன்னரே எழுதப்பட்டுவிட்ட முடிவு அது.

கலிபோர்னியாவின் பேர்க்லியில் மானிடவியல் ஆய்வு மாணவியாயிருந்த லூசி சச்மன் இத்துறைக்கு வந்தது வேறு வழியால். 1979 இல் அவர் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு நிலையத்துட் புகுந்தபோது, அமெரிக்க நிறுவனங்களை மானிடவியல் நோக்கிற் கற்பதே அவர் எண்ணம். பிரதி எடுக்கும் இயந்திரம் அன்று. அவ்வியந்திரம் கையாளக் கடினமானது என்ற முறைப்பாடே அவரை அதன்பால் ஈர்த்தது. இருவர் இருவராக இயந்திரத்தின்முன் நிறுத்திப் படம்பிடித்தார். இருவராயின் தம்முட் பேசியே ஆதல் வேண்டும். பேச்சில் நினைப்பு வெளிப்படும். அப்பேச்சையும் செயலையும் நிரல்களாகப் பிரித்தெழுதி, இவற்றுள் இயந்திரத்துக்கு எட்டியவை எவை, எட்டாதவை எவை எனக் காட்டினார். மூடி திறந்ததும் பொத்தான் அழுத்தியதும் எட்டின. மனிதரின் ஐயமும் வாதமும் எட்டவில்லை. இடர்ப்பட்டோருட் கணினி அறிஞரும் இருந்தனர். அவர்க்கு எந்த விழிப்புணர்வுக் கருத்தரங்கை நடத்துவது? 1984 இல் ஆய்வேடாகி 1987 இல் நூலான அவ்வாய்வு, அமைப்போர் வகுத்த திட்டப்படி மனிதர் நடப்பதில்லை, நேர்ந்த சூழலை நோக்கியே நடக்கின்றனர் என வாதித்தது. குற்றம் பயனரிடமிருந்து கருவியின் பக்கம் பெயர்ந்தது.

வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமான நிறுவனத்தின் அயலில் இத்தகைய ஆய்வுக்கு என்ன குறை? எருமை மிதித்த சூட்டைப் பின்னர் உழவு இயந்திரம் மிதித்தது; இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துத் தருகின்றது. களவெட்டி மறைய, அங்கு மட்டுமே வழங்கிய சொற்களும் மறைகின்றன. இயந்திரம் எவர் வயலில் முதலில் இறங்கும்? ஈரநிலத்தில் அது புதைந்தால் இழப்பு எவருக்கு? கதிர் பொறுக்கிய கைகள் இன்று என்ன செய்கின்றன? இவை யாவும் தொழில்நுட்பப் பயன்பாடு பற்றிய வினாக்களே. வாவிக்கரையிலும் அவ்வாறே. தங்கூசி வலை சட்டத்தால் தடுக்கப்பட்டது. தடையை அறிந்தும் அதனை இறக்குபவனை அறியாமை உடையவன் எனப் பதிவது ஆய்வன்று, சோம்பல். வலையின் விலை, முதலாளியிடம் பட்ட கடன், அயற்தோணி கொண்டுவந்த மீன் என்பனவே அங்குக் கணக்கு. அக்கணக்கை ஐந்துபடி அளவுகோல் எங்ஙனம் அளக்கும்?

எண்ணே வேண்டாம் என்பதன்று வாதம். கேரளக் கடற்கரையில் கைத்தொலைபேசி வந்தபின் சந்தைக்குச் சந்தை மீன்விலை வேறுபாடு பெரிதும் குறைந்ததை றொபேட் ஜென்சன் 2007 இல் எண்களாலேயே காட்டினார். எனினும் அவ்வெண்கள் மீனவரின் மனத்திருப்தியை வினவிப் பெற்றவை அல்ல; மீன் இறங்கும் கரையில், கிழமைதோறும் திரட்டியவை. கரைக்குப் போகாத எண்ணுக்கும் ஊகத்துக்கும் வேற்றுமை சிறிதே.

வினாக்கொத்து மலிவானது, விரைவானது, மேற்பார்வையாளர்க்குத் தொல்லை தராதது என்பர். மெய்யே. ஓராண்டு தோணியில் ஏறியிறங்கும் மாணவருக்குப் பணமும் காலமும் வேண்டும். அவ்விரண்டையும் கொடாத துறை, ஆழமான ஆய்வு வரவில்லையெனக் குறைகூறுதல் தகாது. மற்றொன்று மொழி. வாவிக்காரர் தமிழிற் சொன்னது ஆங்கில ஆய்வேட்டில் வெறும் விழுக்காடாய் உருமாறுகின்றது. வலைக்கும் நீருக்கும் காற்றுக்கும் அவர் வழங்கிய பெயர்களுக்கு அங்கே ஒரு பின்னிணைப்பேனும் இல்லை.