மூன்று சுழியும் தெரியட்டும்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். விழா மலர், ஆய்வேடு, சிறுகதைத் தொகுப்பு என்று எது வந்தாலும், கோப்பைத் திறந்ததும் முதலில் எழுத்தின் தோற்றத்தை மாற்றிவிடுவேன். நோட்டோ செரிஃப் தமிழ், 14 புள்ளி, ஒன்றரை வரி இடைவெளி. அதன் பிறகுதான் வாசிப்பு. இதைச் சொன்னால் பலர் பதறுகிறார்கள். “ஐயோ, ஃபாண்டை மாத்தினா மேட்டரே போயிடுமே!”

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பது மேல்தோற்றம் மட்டுமே. கணினியின் கணக்கில் அங்கே இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்துவிட்டு, அந்தச் சொல்லை டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. மிஞ்சுவது இவ்வளவுதான். டி.டி.பி. மையங்களில் வேலை பழகிய ஒரு தலைமுறைக்கே ‘ஃபாண்டில் கை வைக்காதே’ என்பது முதல் பாடமாக இருந்தது.

யூனிகோடில் அந்த ஆபத்து இல்லை. ‘த’வுக்கு அங்கே சொந்தமாக ஓர் எண் உண்டு. லதா, நிர்மலா, நோட்டோ என்று எதைப் போட்டாலும் அது ‘த’தான். விண்டோஸ் 2000-லேயே லதா வந்துவிட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. பயம் மட்டும் போகவில்லை. கணினி தானாகப் போட்டுக் கொடுத்த எழுத்துருவில், ஆங்கிலத்துக்கென வைத்த 11 புள்ளியில், பக்கம் பக்கமாகத் தமிழை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழ் எழுத்துக்கு அந்த அளவு போதாது. ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு. மணமும் மனமும், கணமும் கனமும் அந்த ஒரு சுழியில்தான் பிரிகின்றன. சிறிய அளவில் போல்டும் போட்டால் சுழிக்குள் இருக்கும் வெளி அடைபட்டுப்போகிறது. தடித்த வடிவமே இல்லாத எழுத்துருவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்; மென்பொருள் கோடுகளைத் தானாகவே பருமனாக்கி ஒப்பேற்றிவிடும். மெய்யெழுத்தின் புள்ளிகூட எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். அண்மையில் ஒரு மணிவிழா மலரின் உள்தலைப்பில் இருப்பது ‘மணி’யா ‘மனி’யா என்று திரையைப் பல மடங்கு பெரிதாக்கித்தான் உறுதி செய்ய முடிந்தது. நோட்டோ தமிழில் மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை 9 கனங்கள் உண்டு, அதுவும் இலவசமாக. போல்ட் வேண்டுமென்றால் இப்படிப்பட்ட எழுத்துருவில் போடுங்கள்.

இட்டாலிக்கைத் தமிழில் தவிர்த்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. 1501-ஐ ஒட்டி, வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸின் அச்சகத்தில், அக்காலக் கற்றோரின் கையெழுத்தைப் பார்த்து வெட்டிய அச்செழுத்து அது. ரோமன் எழுத்துக்கு இயல்பான துணை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அப்படியொரு வடிவம் கிடையாது. பொத்தானை அழுத்தினால் நேராக நிற்கும் எழுத்தை மென்பொருள் வலப்பக்கம் சாய்த்துவிடுகிறது, அவ்வளவே. நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது, அழுத்திச் சொல்லத் தடித்த எழுத்து இருக்கிறது.

வரி இடைவெளியையும் கவனியுங்கள். தமிழில் ‘கீ’ மேலே வளைகிறது, ‘மூ’ கீழே இறங்குகிறது. பக்கத்தைக் குறைக்க வேர்டில் ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்து எண்ணைச் சுருக்கினால் ‘கீ’யின் கொக்கி வெட்டுப்படும். ‘மல்டிபிள்’ என்பதைத் தேர்ந்து 1.3 அல்லது 1.5 வையுங்கள். ‘நார்மல்’ பாணியிலேயே இதையெல்லாம் ஒருமுறை அமைத்துவிட்டால் பத்தி பத்தியாகத் தேர்ந்து மாற்றும் வேலை மிச்சம்.

லிப்ரெஆபீஸில் எழுத்துரு மாறவே மாட்டேன் என்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. அங்கே மேற்கத்திய எழுத்துக்கு ஓர் இடம், சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு ஓர் இடம், தமிழ், இந்தி, அரபி போன்றவற்றுக்கு ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்று மூன்றாவது இடம். முதல் இடத்தில் மட்டும் மாற்றினால் தமிழ் அசையாது.

இதெல்லாம் அழகுக்காக மட்டும் சொல்வதில்லை. கண்புரை உள்ள ஒரு பெரியவர் தமக்கு ஏற்ற அளவில், ஏற்ற எழுத்துருவில் படிக்க வேண்டுமென்றால் கோப்பு யூனிகோடில் இருக்க வேண்டும். பார்வையற்றவர் கேட்கும் திரைவாசிப்பான், பாமினிக் கோப்பை ஆங்கிலக் குப்பையாகத்தான் ஒலிக்கும். அப்படியிருந்தும் குடியிருப்போர் சங்கச் சுற்றறிக்கையிலிருந்து கருத்தரங்க அழைப்பு வரை இன்னும் பழைய எழுத்துருவில் அடித்து, படமாக்கி அனுப்புகிறார்கள்.

தமிழில் கோப்பு அனுப்பும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்: யூனிகோடில் அடியுங்கள், குறைந்தது 12 புள்ளி வையுங்கள், பி.டி.எஃப்.போடு மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். உங்களிடம் பாமினியில் கிடக்கும் பழைய கோப்புகளை மாற்றித்தர இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வரிக்கு வரி சரிபார்த்துவிடுங்கள்.