ஏழு பேர் வண்டியும் நாலரை ஏக்கர் கணக்கும்

கிராமங்களில் மூன்று வரிசை இருக்கை கொண்ட கார்கள் பெருகி வருகின்றன. குலதெய்வக் கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று காரணங்கள் பல. குடும்பத்தார் அனைவரும் ஒரே வண்டியில் போய்வர வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் ஒரு கிலோ விதை வாங்கும்போது முளைப்புத் திறன் எவ்வளவு என்று துருவிக் கேட்கும் விவசாயி, பத்து லட்ச ரூபாய் வண்டிக்கு அதன் உயரத்தையும் நிறத்தையும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிடுகிறார். இது சரியல்ல.

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெட்ரோல் வண்டியானால் என்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும், டீசல் வண்டியானால் 1,500 சி.சி.க்குள்ளும் இருக்க வேண்டும். இந்த வரம்பைத் தாண்டிய வண்டிகளுக்கு வரி 40 சதவீதம். ரெனோ டிரைபர், மஹிந்திரா பொலேரோ ஆகியவை ஏழு பேர் வண்டிகளாக இருந்தும் குறைந்த வரிக்குள் வருகின்றன. மாருதி எர்டிகா நீளத்திலும் என்ஜின் அளவிலும் வரம்பைத் தாண்டுவதால் கூடுதல் வரியில் நிற்கிறது. வரி குறைந்ததைக் கண்டு 'இப்போது வாங்காவிட்டால் எப்போது?' என்று பலர் கிளம்பிவிட்டனர். வரி குறைந்தது உண்மை. தவணை குறைந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டெல்டாவில் நாலரை ஏக்கர் நெல் நிலம் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சாலைக்கு வந்து சேரும்போது வண்டியின் விலை பத்து லட்சம். கையிலிருந்து இரண்டு லட்சம் போட்டு, மீதி எட்டு லட்சத்தை 10 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 17,000 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 2 லட்சத்து 20 ஆயிரம். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் விலை. 60 கிலோ மூட்டைக்கு 1,500 ரூபாய் ஆகிறது. அப்படியானால் ஒரு மாதத் தவணை 11 மூட்டை நெல்லுக்கு மேல். ஓராண்டுத் தவணை 136 மூட்டை. ஏக்கருக்கு 40 மூட்டை கண்டாலும், சுமார் மூன்றரை ஏக்கரின் ஒரு போக மகசூல் முழுவதும் தவணைக்கே போகிறது. உழவுக் கூலி, நடவு, உரம், அறுவடை இயந்திர வாடகை இவற்றைக் கழிக்காமல் போட்ட கணக்கு இது. டீசல், இன்சூரன்ஸ், டயர் இதில் சேரவில்லை.

மேலும், நெல் பணம் ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வருகிறது; தவணையோ மாதந்தோறும் வருகிறது. டிராக்டர் கடனில் அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை உண்டு என்பது பலருக்குத் தெரியும். கார் கடனிலும் அத்தகைய வசதி உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்திடுவது நலம். கூட்டுறவுச் சங்கத்தில் உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியில்லாமல் கிடைக்கும் பயிர்க்கடனை எடுத்துக் கார் தவணைக்குக் கட்டுவது மிகவும் ஆபத்தானது. தேதி தவறினால் சலுகை போய்விடும். அடுத்த பட்டத்துக்கு உரம் வாங்கவும் வழியிருக்காது.

ஆகவே முதலில் எண்ண வேண்டியது நாட்களை. ஐந்து பேருக்கு மேல் ஒன்றாகப் போக வேண்டிய நாட்கள் ஆண்டில் எத்தனை? சென்ற ஆண்டுக் காலண்டரை எடுத்து, வீட்டுப் பெண்களைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பல வீடுகளில் அது பதினைந்து நாளைத் தாண்டுவதில்லை. வாடகை, டிரைவர் படி எல்லாம் சேர்த்து நாளுக்கு 6,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 90,000 ரூபாய்தான். தவணையோ ஆண்டுக்கு 2 லட்சத்து 4 ஆயிரம். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். அதற்கு ஐந்து பேர் செல்லும் பழைய சிறிய கார் போதும். மூன்றாவது வரிசை தேவையில்லை.

தாத்தா, அப்பாயி, பிள்ளைகள் என்று ஏழு பேர் ஒரே வீட்டில் வாழ்ந்து, வாரந்தோறும் ஒன்றாக வெளியே செல்லும் குடும்பங்களும் உண்டு. பால், பூ, காய்கறி என்று மாத வருமானமும் இருந்தால் அவர்கள் ஏழு பேர் வண்டி வாங்குவதில் தவறில்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது மூன்றாவது வரிசையைத்தான். கம்பெனி விற்பனையாளர் முன் இருக்கையிலேயே உட்கார வைத்து வண்டியை ஓட்டிக் காட்டுவார். அதை மட்டும் பார்த்து வந்தால் போதாது. குடும்பம் முழுவதையும் அழைத்துச் சென்று, ஏழு பேரும் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். முழங்கால் வலி உள்ள அப்பாயி நடு வரிசையில் ஏற முடிகிறதா, படி எவ்வளவு உயரம், பின்னால் உட்காரும் பையனின் முழங்கால் நெஞ்சில் இடிக்கிறதா, பின் வரிசைக்கு ஏ.சி. காற்று வருகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கடைசி வரிசையில் குழந்தைகளைத்தான் உட்கார வைப்பார்கள். காற்று வராவிட்டால் வாந்தி எடுப்பதும் அவர்கள்தான்.

இதைவிட முக்கியம் இருக்கை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது. பொலேரோ போன்ற வண்டிகளில் பின்புற இருக்கைகள் பக்கவாட்டில் எதிரெதிராக அமைந்தவை. இத்தகைய பலகைகளில் சீட் பெல்ட் இருப்பதில்லை. திடீரென்று பிரேக் அடித்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். ஆர்.சி. புத்தகத்தில் ஏழு என்று போட்டிருந்தாலும், நெடுஞ்சாலைப் பயணத்தில் அதை ஐந்து பேர் வண்டியாகவே கருத வேண்டும். பின்புறத்தைச் சாமான் வைக்கப் பயன்படுத்தலாம். அதற்கு அது அருமையான இடம். ஒவ்வொருவரும் முன்நோக்கி உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் சீட் பெல்ட் இருந்தால் மட்டுமே அது ஏழு பேர் வண்டி. டிரைபர், எர்டிகா ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் மோதல் சோதனையின் நட்சத்திரங்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அச்சோதனையில் பொம்மைகளை முன் வரிசையிலும் நடு வரிசையிலும் வைத்தே பார்க்கிறார்கள். கடைசி வரிசைக்கு அந்த நட்சத்திரங்கள் நேரடி உத்தரவாதம் ஆகா.

சாமான் இடம் அடுத்தது. டிரைபரில் ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டால் பின்னால் 84 லிட்டர் இடமே மிஞ்சும். இரண்டு பைகளுக்குக் காணும். கடைசி வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் கிடைக்கும். காய்கறிக் கூடைகளும் பூ மூட்டைகளும் ஏற்ற இது வசதி. எர்டிகாவில் ஏழு பேருடன் 209 லிட்டர். கார்மேல் கட்டி ஏற்றும் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். உச்சியில் பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும். ஏழு பேரின் எடையே 450 கிலோ அளவுக்கு வருகிறது. டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள சீட்டில், முழுப் பாரத்துக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதன்படி பிடிக்க வேண்டும். இன்னொன்று, பூச்சிமருந்துப் பாட்டில்களைக் குழந்தைகளுடன் ஒரே வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு வருவதை எக்காரணத்தைக் கொண்டும் செய்யலாகாது. பழைய அம்பாசிடரின் டிக்கி தனி அறை. இவ்வண்டிகளில் டிக்கியும் குடும்பம் இருக்கும் அறையும் ஒன்றுதான்.

என்ஜினைப் பொறுத்தவரை, டிராக்டர் ஓட்டியவருக்கு விளக்கத் தேவையில்லை. டிரைபரின் ஒரு லிட்டர் பெட்ரோல் என்ஜின் 70 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். பொலேரோவின் டீசல் என்ஜின் 75 அளவில். வித்தியாசம் சொற்பம். ஆனால் முறுக்கு விசை முன்னதில் 96 நியூட்டன் மீட்டர், பின்னதில் 210. சமவெளியில் ஏழு பேருடன் பெட்ரோல் வண்டி குறையின்றி ஓடும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அதே ஏழு பேருடன் ஏறினால் முதல், இரண்டாம் கியரை விட முடியாது. மலையடிவாரத்தில் உள்ளவர்களும், சேற்று வண்டிப்பாதையில் தினமும் செல்வோரும் டீசலை விரும்புவது காரணமில்லாமல் அல்ல.

எனினும் டீசலிலும் ஒரு சங்கடம் உண்டு. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அதில் தங்கிய கரி எரிந்து சுத்தமாகும். வீட்டிலிருந்து சந்தைக்கும் பால் சொசைட்டிக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்களின் வண்டியில் அது அடைத்துக்கொண்டு, எச்சரிக்கை விளக்கு எரியும். சில டீசல் வண்டிகளுக்கு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டியுள்ளது. யூரியாதானே என்று வயலுக்கு வாங்கியதைக் கரைத்து ஊற்றிவிடக் கூடாது. வண்டிக்கு வேண்டியது தாதுநீக்கிய நீரில் 32.5 சதவீதம் தூய யூரியா கலந்த கரைசல். வயல் யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது. அது வண்டியின் கருவியைக் கெடுத்துவிடும்.

'சும்மா நிற்கும் நாட்களில் வாடகைக்கு விட்டால் தவணை தானாகக் கட்டிப்போகும்' என்று தரகர்கள் சொல்வது வழக்கம். சிறு விவசாயிகளின் நிலத்துக்கே உலை வைக்கும் யோசனை இது. வெள்ளை போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாய் வரை உண்டு. அதுகூடப் பெரிதல்ல. வாடகைச் சவாரியின்போது விபத்து நேர்ந்தால் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம். பிறருக்கு நேர்ந்த உயிர்ச்சேதத்துக்குக் கம்பெனி நஷ்டஈடு கட்டினாலும், அத்தொகையை வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க வழக்குமன்றம் அனுமதிக்கக்கூடும். லட்சக்கணக்கில் வரும் அத்தொகைக்கு நாலரை ஏக்கர் போதுமா? வாடகைக்கு ஓட்டத்தான் வேண்டுமென்றால் முதலிலேயே மஞ்சள் போர்டில் பதிவு செய்து, அதற்குரிய இன்சூரன்ஸ், பர்மிட் செலவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் விலையை மட்டும் பார்த்து மயங்கலாகாது. டவேராவின் கம்பெனி 2017 இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. சுமோவின் உற்பத்தி 2019-இல் நின்றது. இவை மலிவாகக் கிடைக்கும். ஆனால் உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கியெழுந்த வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்களுக்கு வருவதுண்டு. தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் வண்டல் தெரியும். கடைசி வரிசை இருக்கையின் போல்ட்டுகளிலும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு ஏறியிருக்கும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில் விற்பவரின் கையெழுத்தைப் பெற்ற பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.