நிலவறையா, மேல்தளமா?

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தை எப்போது பார்த்தாலும், வெளியே அலையும் பிணங்களைவிட வீட்டுக்குள் இருப்பவர்கள்தான் என்னைக் கலங்கடிக்கிறார்கள். பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் 1968-இல் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்தான். ஆனாலும் இன்றைய ஜாம்பி படங்களுக்கு இலக்கணம் வகுத்தது அதுவே.

ஒரு பண்ணை வீட்டில் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பென் கதவு ஜன்னல்களில் பலகை வைத்து ஆணி அடிக்கிறான். ஹாரியோ நிலவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வதே நல்லது என்கிறான். கடிபட்ட அவன் மகள் அங்கேதான் கிடக்கிறாள். இரண்டிலும் நியாயம் உண்டு. மேலே இருந்தால் தப்பி ஓட வழி கிடைக்கும். கீழே இருந்தால் காக்க வேண்டியது ஒரே கதவு. எல்லோரும் சேர்ந்து வேலை செய்யலாம் என்று இளைஞன் டாம் மன்றாடுகிறான். ஹாரி காதில் ஏறவில்லை. வெளியே போன பென் திரும்பி ஓடிவரும்போது ஹாரி கதவைத் திறக்கவில்லை. உடைத்துக்கொண்டு உள்ளே வந்த பென் அவனை அடித்து நொறுக்குகிறான். பிறகு துப்பாக்கிக்காக இழுபறி. ஹாரி குண்டடி படுகிறான்.

கடைசியில் விடியும்வரை பென்னைக் காப்பாற்றுவது அதே நிலவறைதான். ஹாரி சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் அதை அவன் சொன்ன விதத்தில், யாரும் அவனை நம்பிப் பின்னால் போயிருக்க முடியாது.

காலையில் துப்பாக்கியோடு வந்த மீட்புக் கூட்டம், ஜன்னலோரம் நின்ற பென்னைப் பிணமென்று நினைத்துச் சுட்டுக் கொல்கிறது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். அவரைக் கறுப்பினத்தவர் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கவில்லை என்றே ரொமேரோ சொல்லிவந்தார். ஆனால் படம் அக்டோபரில் வெளியானது. கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது அதே ஆண்டு ஏப்ரலில். பென்னின் உடலைக் கொக்கி போட்டு இழுத்துச் செல்வதைக் காட்டி முடியும் படத்தின் கடைசிப் புகைப்படங்களை அமெரிக்கர்கள் வெறும் கற்பனையாகப் பார்த்திருக்க முடியாது.

பலகையும் ஆணியும் ஆபத்து வந்தபிறகுகூடக் கைக்குக் கிடைக்கும். பிடிக்காதவன் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் அப்படிக் கிடைக்காது. நல்ல காலத்திலேயே பழகினால்தான் அது ஆபத்தில் உயிரைக் காக்கும்.