இலவசக் குடையும் இணையப் பாடமும்

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1872-ஆம் ஆண்டில் பிறந்த ஊர் எங்கள் ஓட்டப்பிடாரம். ஆகவே, சுதேசிக் கப்பலின் கதையைச் சொல்லாமல் இவ்வூர் உபாத்தியாயர் எவரும் ஓர் ஆண்டைக் கழித்துவிட முடியாது. அந்தக் கதையில் குழந்தைகள் வாய்விட்டுச் சிரிக்கும் இடம் ஒன்று உண்டு. 1906-ல் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட ஏற்பாடு செய்தார்கள். அதுவரை அந்தக் கடலைத் தன் சொந்தச் சொத்தாகப் பாவித்துவந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி உடனே கட்டணத்தைக் குறைத்தது. பிறகு மேலும் குறைத்தது. கடைசியில், காசே வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும் என்றது. அதுவும் போதாதென்று, பிரயாணிகளுக்கு ஆளுக்கொரு குடை இனாம் என்றும் ஆசை காட்டியது. "கப்பலுக்குள்ளே மழை பெய்யுமா, சார்?" என்று ஏதாவது ஒரு குழந்தை கேட்காமல் இராது.

சிரிப்பு அடங்கிய பிறகு கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குடைக்கு யார் காசு கொடுத்தார்கள்? எதற்காகக் கொடுத்தார்கள்? பிரயாணி நனையக் கூடாதே என்ற கருணையினாலா, அல்லது சுதேசிக் கப்பலில் ஆள் ஏறக் கூடாதே என்ற கவலையினாலா? இதற்கு ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் சரியாக விடை சொல்லிவிடுகிறார்கள். பெரியவர்களாகிய நாம் அதே கேள்வியை இன்று வேறொரு விஷயத்தில் கேட்க மறந்துவிடுகிறோம். ஆரம்பப் பாடசாலைகளுக்குள் இணையத்தின் வழியாக வந்து குவிந்திருக்கும் இலவசச் சாதனங்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இலவசம் என்றாலே சூழ்ச்சி என்று சொல்ல நான் வரவில்லை. நல்ல இலவசங்கள் உண்டு; அவற்றைப் பயன்படுத்தாமல் இருப்பது பேதைமை. 2018 முதல் நம் மாநிலத்துப் புதிய பாடப் புத்தகங்களில் பாடத்துக்குப் பாடம் சிறு கறுப்புக் கட்டங்கள் அச்சாகி வந்தன. மத்திய சர்க்கார் 2017-ல் தொடங்கிய 'தீக்ஷா' செயலியால் அந்தக் கட்டத்தைப் படம் பிடித்தால், அந்தப் பாடத்துக்குரிய அசையும் படம் திரையில் வந்துவிடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பிரதம் புக்ஸ் என்னும் ஸ்தாபனம் 2015-ல் ஆரம்பித்த 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழிலும் படக் கதைகள் நிறைய உண்டு; யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். கடைகண்ணி இல்லாத கரிசல் கிராமத்துக் குழந்தைக்கு, வேறெங்கும் கிடைக்காத கதைப் புத்தகம் இது. இதைப் பெற அக்குழந்தை தன் பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். இணையச் சாதனங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தருகிற சாதனம். மற்றொன்று, கேட்கிற சாதனம். கதை, பாட்டு, படம், கணக்கு விளையாட்டு ஆகியவற்றைத் தந்துவிட்டு ஒதுங்கி நிற்பது முதல் ஜாதி. உன் பெயர் என்ன, வயது என்ன, அம்மாவின் தொலைபேசி எண் என்ன, இன்று உன் மனம் எப்படி இருக்கிறது என்று குழந்தையிடம் கேட்பது இரண்டாம் ஜாதி. முதலாவதைத் தாராளமாக வரவேற்கலாம். இரண்டாவதை வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கவேண்டும்.

தருகிற சாதனத்துக்கும் செலவு உண்டு என்பது வேறு விஷயம். பாடம் இலவசம், அதைக் காட்டும் கைபேசி இலவசமல்ல. எங்கள் தாலுகாவின் கடலோரத்தில் வேப்பலோடை முதலிய இடங்களில் உப்பளங்கள் இருக்கின்றன. அளத்துக்குப் போகும் தாய்மார் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கவேண்டி, கோழி கூவுமுன் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். வீட்டிலுள்ள ஒரே கைபேசியும் அவர்களோடு போய்விடுகிறது. 2020 மார்ச்சில் தொற்றுநோயினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன; கீழ் வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் முதல் தேதியில்தான். இடைப்பட்ட காலத்தில் திரையில் பாடம் ஓடியது. ஆனால் பள்ளிகள் திறக்கும் தருணத்தில் சர்க்கார் செய்த காரியம் என்ன? 'இல்லம் தேடிக் கல்வி' என்று பெயரிட்டு, மாலை நேரத்தில் தெருத் தெருவாகத் தன்னார்வலர்களை உட்காரவைத்துக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. திரையால் ஆகாத காரியத்துக்குத் திண்ணையில் உட்காரும் ஒரு பெண் தேவைப்பட்டாள். இதைவிடச் சிறந்த அத்தாட்சி வேறு வேண்டுமா?

நிற்க. இனிக் கேட்கிற சாதனத்துக்கு வருவோம்.

கல்லூரிகளிலும் பெரிய நகரத்துப் பள்ளிகளிலும் மாணவர்களின் மனக்கலக்கத்தைக் கேட்டு வழி சொல்ல ஆலோசகர் என்று தனியாக ஒருவர் இருப்பதுண்டு. கிராமத்து ஆரம்பப் பாடசாலையில் அப்படி எவரும் இல்லை. வகுப்பு உபாத்தியாயரே ஆலோசகர். ஏழு வயதுக் குழந்தைக்குத் தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்னும், பென்சிலைக் கடிக்கும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். இந்த நிலையில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வினாப் படிவங்கள் சில உபாத்தியாயர்களுக்கு வரப்பிரசாதமாகத் தோன்றின. எழுத்துக் கூடத் தேவையில்லை. சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை ஐந்து முகங்கள். தன் மனத்துக்கு ஒத்த முகத்தைக் குழந்தை தொடவேண்டியதுதான்.

இதில் நன்மை இல்லையென்று சொல்ல மாட்டேன். எல்லார் முன்னிலையிலும் வாய் திறக்காத குழந்தை, முகத்தைத் தொட்டு உண்மையைச் சொல்லிவிடும். கூச்சமுள்ள குழந்தைக்கு அது ஒரு சிறு ஜன்னல். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமா? அந்தப் பக்கம் ஒருவர் நிற்கவேண்டாமா?

சக உபாத்தியாயினி ஒருவர் சொன்ன சமாசாரம் இது. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். நாலாம் வகுப்பில் 31 குழந்தைகள். தினமும் காலையில் வகுப்பின் கைபேசி வரிசையாகக் கைமாறும்; குழந்தைகள் முகத்தைத் தொடுவார்கள். மாதக் கடைசியில் சாதனமே கணக்குப் போட்டு, வர்ணம் தீட்டிய வட்டப் படமாகக் கொடுக்கும். 'நூற்றுக்கு 97 பேர் மகிழ்ச்சி' என்றது படம். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். எஞ்சிய மூன்று என்பது 31 பேரில் ஒருத்தி. அவள் பதினொரு நாள் தொடர்ந்து அழும் முகத்தையே தொட்டிருந்தாள். அதைத் தனியாக எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

அவளைக் கண்டுகொண்டது யார் தெரியுமா? காலை உணவு சமைக்கும் அம்மாள். மூன்று நாளாகத் தட்டில் பாதியை மீதி வைக்கிறாளே என்று அருகில் அழைத்து, "என்ன தாயி, உடம்புக்குச் சுகமில்லையா?" என்று தலையைத் தடவினாளாம். அவ்வளவுதான், குழந்தை அழுதுவிட்டது. கூட இருந்த பாட்டி காலமாகிவிட்டாள். அம்மா விடியுமுன் அளத்துக்குப் போனபின், இருட்டில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு இவள் விழித்திருக்கிறாள். பயம், தூக்கமில்லை, யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. தாயை அழைத்துப் பேசினார்கள். அடுத்த தெரு அத்தை விடியற்காலையில் வந்து படுத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. ஒரு வாரத்தில் குழந்தை தட்டைக் காலி செய்தாள்.

இந்தக் கதையில் சாதனம் பொய் சொல்லவில்லை. குழந்தையும் பொய் சொல்லவில்லை. பதினொரு முறை உண்மையைச் சொன்னாள், பதில் வரவில்லை. கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது, கேளாமலே இருப்பதைவிடக் கொடியது அன்றோ? சொல்லிப் பயனில்லை என்பதைக் குழந்தை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. நாளைக்கு அதைவிடப் பெரிய துன்பம் வரும்போதும் வாயை மூடிக்கொள்ளும்.

நம் மாநிலத்துப் பாடசாலைகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டியை வைத்திருக்கிறார்கள். குழந்தை தன் குறையைச் சீட்டில் எழுதிப் போடலாம். அதற்கும் இணையப் படிவத்துக்கும் தத்துவம் ஒன்றே, விதியும் ஒன்றே. பெட்டியைத் தவறாமல் திறந்து, சீட்டைப் படித்து, ஆவன செய்யும் மனிதர் இருந்தால் அது பெட்டி; இல்லாவிட்டால் வெறும் பலகை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சீட்டு பெட்டிக்குள் கிடக்கும். படிவத்தில் தொட்ட முகம் எங்கே போகிறது? எந்தத் தேசத்திலோ இருக்கும் கம்பெனியின் கணிப்பொறியில் போய் உட்காருகிறது. 2022 மே மாதத்தில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற ஸ்தாபனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தொற்றுநோய்க் காலத்தில் 49 நாடுகளின் அரசாங்கங்கள் சிபாரிசு செய்த கல்விச் சாதனங்களில் 160-க்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்ததில், நூற்றுக்கு 89 குழந்தைகளின் அந்தரங்கத்துக்குத் தீங்கு செய்தன அல்லது தீங்கு செய்யக்கூடிய நிலையில் இருந்தன என்று அது கண்டது. சர்க்காருடையது என்றால் பயமில்லை என்று எண்ணவும் வழியில்லை. மேலே நான் புகழ்ந்த தீக்ஷாவின் விவரங்கள் பூட்டில்லாத கிடங்கில் கிடந்ததை 2023 ஜனவரியில் பத்திரிகைகள் வெளியிட்டன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட உபாத்தியாயர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும், சுமார் ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்களும் அதில் இருந்தன. அந்த ஆண்டிலேயே நம் பார்லிமெண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 18 வயது நிரம்பாதவர் யாவரும் அச்சட்டத்தின்படி குழந்தைகளே. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் பெறவேண்டும் என்பது அதன் பொது விதி.

விலாசமும் பிறந்த தேதியும் வெளியே போவது ஒரு தீங்கு. 'எங்கள் வீட்டில் அப்பா அம்மாவை அடிக்கிறார்' என்று ஒரு குழந்தை எழுதியது வெளியே போவது எத்தகைய தீங்கு என்று எண்ணிப் பாருங்கள். உப்பை வெயிலில் பரப்பலாம். குழந்தையின் மனத்தைப் பரப்பலாமா?

எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுக் கரும்பலகைக்கே திரும்பவேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. செய்யக்கூடிய வழியை நிரூபித்துக் காட்டியவர்களும் உண்டு. கூகிள் கம்பெனி 2019-ல் 'போலோ' என்ற பெயரில் வெளியிட்டு, பின்னர் 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றிய வாசிப்புச் செயலி அதற்கோர் உதாரணம். குழந்தை உரக்க வாசிக்க, அது கேட்டிருந்து தடுமாறிய சொல்லை உச்சரித்துக் காட்டும்படி அமைக்கப்பட்டது, தமிழிலும் வந்தது. குழந்தையின் குரல் கைபேசிக்குள்ளேயே ஆராயப்படும், வெளியே அனுப்பப்படாது என்று அதைச் செய்தவர்கள் அறிவித்தார்கள். உள்ளுக்குள்ளேயே கேட்டு உள்ளுக்குள்ளேயே மறக்கும்படி சாதனத்தை அமைக்க முடியுமென்றால், மற்றவர்களையும் அதையே கேட்பதில் தவறென்ன?

ஆகவே, உங்கள் குழந்தையின் பாடசாலையில் ஓர் இலவசச் சாதனம் வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது: இது தருகிறதா, கேட்கிறதா? தருவதாயின் சந்தோஷமாக உபயோகியுங்கள். இரண்டாவது: கேட்கிறதென்றால், குழந்தையின் பெயரும் ஊரும் இல்லாமல் நடத்த முடியாதா? முகத்தைத் தொட்டுக்காட்டப் பெயர் எதற்கு? 'நாலாவது வரிசை மாங்கொட்டை' என்று உபாத்தியாயருக்கு மட்டும் தெரிந்த புனைபெயர் போதும். மூன்றாவதுதான் முக்கியம்: குழந்தை சொன்னதை அன்றைக்கே படிப்பவர் யார்? அவருடைய பெயரைப் பாடசாலை சொல்லவேண்டும். பெயர் சொல்ல இயலாவிட்டால், அந்தச் சாதனம் வேண்டாம். தாளில் ஐந்து முகங்களை வரைந்துகொண்டு, காலையில் உபாத்தியாயரே வரிசையாகப் பார்த்துவிடலாம். அதற்கு மின்சாரமும் வேண்டாம்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பாடசாலைகளிலும் உதவி பெறும் பாடசாலைகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்களே. தனியார் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் வாசகர்களுக்குப் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அங்கே கட்டணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிக்கிறவர்கள் இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கக் கூடாதா?

அவசரமான துன்பத்துக்கு எந்தப் படிவமும் உதவாது. 1996-ல் பம்பாயில் ஆரம்பித்துத் தேசமெங்கும் பரவிய 1098 என்னும் குழந்தைகள் உதவித் தொலைபேசியையும், நம் பள்ளிக் கல்வித் துறையின் 14417-ஐயும் குழந்தைக்கு மனப்பாடம் செய்துவையுங்கள். இரண்டுக்கும் கட்டணமில்லை, இரண்டிலும் மறுமுனையில் பேசுகிறவர் மனிதர். வாய்ப்பாட்டோடு வாய்ப்பாடாக இந்த இரண்டு எண்களையும் வீட்டில் ஒப்பிக்கச் சொன்னால், ஒரு மாலைப் பொழுதில் பாடமாகிவிடும். இன்றைக்கே தொடங்கலாம்.