ஜெரெஜாக் தீவு: நெகிரி செம்பிலான் தோட்டத்து மக்களின் நிலைப்பாடு

பினாங்கின் ஜெரெஜாக் தீவில் பழைய குவாரன்டைன் முகாமும் தொழுநோயாளர் குடியிருப்பும் இடுகாடுகளும் இருந்த பகுதிகளை மரபுடைமையாக அரசிதழில் பதிவு செய்ய வேண்டும். அது முடியும்வரை அந்தப் பகுதிகளில் வீடோ விடுதியோ கேளிக்கைப் பூங்காவோ கட்ட அனுமதி தரக் கூடாது. எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

சிரம்பானிலும் ரந்தாவிலும் பகாவிலும் இருப்பவர்களுக்குப் பினாங்குத் தீவில் என்ன வேலை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்களில் பெரும்பாலோர் லின்சம், சுவா பெத்தோங், லாபு, சிலியாவ், கெடிஸ் என்று ஏதாவது ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். இல்லையென்றால் அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகள். எங்கள் பாட்டன் பூட்டன்களில் பலர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, கடல் கடந்து முதலில் கண்ட கரை பினாங்கு. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பினாங்கில் இறக்கப்பட்டவர்களைக் கங்காணி எண்ணி ரயிலேற்றிக்கொண்டு தெற்கே வர முடிந்தது. எல்லாரும் இந்த வழியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். நெகிரி செம்பிலானுக்கு வந்தவர்களில் பலர் போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்த முகாமில் அடைபட்டவர்கள். ஆனால் அங்கே சுற்றிலும் துறைமுகம் வளர்ந்து, பழைய நிலமே அடையாளம் தெரியாமல் போய்விட்டது. ஜெரெஜாக்கில் இன்னும் மண் இருக்கிறது, இடிபாடு இருக்கிறது, கல்லறை இருக்கிறது. மீதமிருப்பதைக் காப்பாற்றத்தான் பேசுகிறோம்.

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே, முதல் பினாங்குப் பாலத்தில் போகும்போது கண்ணில் படுகிற பச்சை மேடுதான் ஜெரெஜாக். பரப்பளவு சுமார் 362 ஹெக்டர், பெரும்பகுதி காடு. இன்று அங்கே குடியிருப்பவர் இல்லை. 1860களின் கடைசியில் தொழுநோயாளர்களுக்காக அங்கே கட்டடம் எழும்பியது. 1870களில் வந்து இறங்கும் ஆட்களைச் சோதிக்கும் நிலையமும் வந்தது. கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ கண்டால் டெக்கில் வந்த கூலியாட்கள் தீவில் இறக்கப்படுவார்கள். மேல் வகுப்பில் வந்தவர்கள் அதிகச் சிரமமில்லாமல் ஊருக்குள் போவார்கள். கிருமிக்கும் டிக்கெட் வகுப்பு தெரியும்போல! தீவில் இறங்கியவர்களுக்கு அம்மை குத்தினார்கள், துணிமணிகளை ஆவியில் போட்டார்கள், நாள்கணக்கில் காத்திருக்க வைத்தார்கள். பிழைத்தவர் தோட்டத்துக்குப் போனார். பிழைக்காதவர் அங்கேயே புதைக்கப்பட்டார். ஊரில் அவருடைய தாய்க்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. பிறகும் கங்காணி முறை நீடித்தது. 1938இல் இந்திய அரசு உதவிப் பயணத்தில் கூலியாட்கள் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தது. தொழுநோயாளர்களுக்காக 1930இல் பெருநிலத்தில் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. போருக்குப் பின் ஜெரெஜாக்கில் காசநோய் மருத்துவமனை வந்தது. 1969 மே கலவரத்தை அடுத்து அங்கே தடுப்புக்காவல் முகாம் வந்தது, 1993இல் மூடப்பட்டது. சுற்றுலாக்காரர்கள் மத்தியில் எஞ்சிய புகழ் இந்தக் கடைசிக் கதைக்குத்தான். ‘மலேசியாவின் அல்காட்ராஸ்’ என்று பெயர் சூட்டி, சிறையைக் காட்டப் படகு விடுகிறார்கள். சிறைக்கு முந்திய ஒரு நூற்றாண்டு வரலாறு அந்தப் பெயரில் அடங்கவில்லை.

அதே தீவில் ரஷ்ய மாலுமிகளின் கல்லறை ஒன்று இருக்கிறது. 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தது எம்டன். அதற்கு முந்தைய மாதம் சென்னையைச் சுட்ட அதே ஜெர்மன் கப்பல். அந்த மாலுமிகளுக்கு நினைவுச் சின்னம் உண்டு, அவர்கள் நாட்டார் வந்து மலர் வைப்பதும் உண்டு. வைக்கட்டும், அது முறையான காரியம். வேறொரு நாட்டுக் கடற்படை வீரனுக்குக் கிடைத்த அந்த மரியாதையில் ஒரு பங்கு, இந்த நாட்டுக்கு ரப்பர் எடுக்க வந்து தோட்டத்தைக்கூடப் பார்க்காமல் செத்தவனுக்கும் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

2016இல், தீவில் ஏற்கெனவே இருந்த சுற்றுலா விடுதியில் மாநில அரசு நிறுவனத்துக்கு இருந்த பங்கைத் தனியாருக்கு விற்கும் முடிவு வெளிவந்தது. வீடுகள், விடுதி, கேளிக்கைப் பூங்கா, படகுத்துறை, இணைப்புப் பாலம் என்று திட்டம் விரிந்தது. தீவு முழுவதையும் கட்டப் போவதில்லை, ஒரு பகுதியைத்தான் என்று பதில் வந்தது. அந்த ஒரு பகுதி எது என்பதில்தான் எங்களுக்குக் கவலை. கப்பல் அணையவும் ஆட்கள் இறங்கவும் குடிசை போடவும் அன்று தோதாக இருந்த கரையோரச் சமதரை எதுவோ, அதுதான் இன்று விடுதி கட்டவும் தோதான தரை.

இதில் எங்களுக்கு அனுபவம் உண்டு. லாபு, நீலாய், செண்டாயான் பக்கம் எத்தனையோ பால்மரக் காடுகள் செம்பனையாகி, பிறகு வீடமைப்பு நிலமாகின. தோட்டம் கைமாறும்போது கோயிலுக்கு ஓரிடம், சுடுகாட்டுக்கு ஓரிடம் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள். மண்வாரி வந்த பிறகு அந்தக் கோடு நகரும். கோயிலையாவது பேசி, போராடி, வேறு இடத்தில் எழுப்பிவிடலாம். பெயர் எழுதாத புதைகுழியை எங்கே கொண்டுபோய் எழுப்புவது? அதனால் முதலில் பதிவு, பிறகு கட்டுமானம் என்கிறோம். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் பினாங்கின் 2011ஆம் ஆண்டு மரபுடைமைச் சட்டமும் இதற்குப் போதும். புதுச் சட்டம் தேவையில்லை.

முன்மாதிரியும் இருக்கிறது. மொரிஷியஸில் ஒப்பந்தக் கூலிகள் ஏறிவந்த கற்படிகளையும் அதையொட்டிய இடிந்த கட்டடங்களையும் காப்பாற்றி ஆப்ரவாசி காட் என்று வைத்திருக்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமையாக அறிவித்தது. பீஜியில் சுவா துறைமுகத்துக்கு எதிரே உள்ள நுக்குலாவு தீவும் ஜெரெஜாக் மாதிரிதான்: முதலில் கூலிகளின் முகாம், பின்னால் சிறை, பிறகு உல்லாசப் பயணிகளின் இடம். இந்த இரண்டில் எந்த வழியில் போவது என்று பினாங்கு தீர்மானிக்கலாம். 2008இல் ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோ தகுதி பெற்ற ஊருக்கு இதெல்லாம் தெரியாததல்ல.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1025இல் ராஜேந்திர சோழன் கடாரம், அதாவது இன்றைய கெடா, கொண்டதைப் பேச மேடை போடுகிறோம், மாலை போடுகிறோம். அந்தக் கடாரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், கூலியாக வந்த நம் பாட்டன் இறங்கிய தீவைப் பற்றி ஒரு கூட்டம்கூடப் போடவில்லை. அரசனின் கப்பலில் பெருமை இருக்கிறது, கங்காணி ஏற்றிவந்த கப்பலில் வெட்கம் இருக்கிறது என்று நினைக்கிறோமோ என்னவோ. எங்களுக்கு வெட்கமில்லை.

தீவை யாரும் தொடாமல் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. காட்டுக்குள் நடைபாதை போடட்டும், படகு ஓட்டட்டும், மீனவர்கள் ஒதுங்கட்டும், பினாங்குப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். கட்டுமானத்துக்கு முன் தொல்லியல் அறிந்தவர்களை வைத்து இடுகாடுகளை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். குவாரன்டைன் நிலையத்தில் இறந்தவர்கள் பற்றித் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பதிவுகளை வாரிசுகள் எளிதில் தேடிப் பார்க்க வழி செய்ய வேண்டும். தீவின் படகுத்துறையில் வைக்கும் வரலாற்றுப் பலகையில் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் இருக்க வேண்டும். அங்கே அடைபட்டவர்களில் சீனத் தொழிலாளிகளும் மிகுதி; ஆகவே இது தமிழர் கோரிக்கை மட்டுமல்ல. சீன அமைப்புகளோடு சேர்ந்து பேச நாங்கள் தயார்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய கப்பல் டிக்கெட், அம்மை குத்திய சீட்டு, கங்காணியின் உரிமச் சீட்டு, தோட்டத்துச் செக்ரோல் தாள் எது கிடந்தாலும் எறிந்துவிடாதீர்கள். அசலை நீங்களே வைத்துக்கொண்டு ஒரு நகல் மட்டும் எங்களிடம் கொடுங்கள். அரசாங்கத்தின் முன் வைக்க எங்களுக்குச் சான்று வேண்டும்.