அழிக்காதீங்க, இன்னொரு டிஸ்க் போடுங்க!



நம்ம கம்ப்யூட்டர் ரூம் சர்வரில் இடம் நிறைஞ்சுபோச்சு. போன வருஷ அக்கா, அண்ணன்களோட ஃபைல்களை அழிச்சிடலாம்னு சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அவங்க வரைஞ்ச படம், ஆண்டு விழா போட்டோ எல்லாம் போனால் திரும்பி வருமா?

1956-இல் ஐ.பி.எம். செய்த முதல் ஹார்டு டிஸ்கில் 50 தட்டுகள் இருந்தும் 50 லட்சம் எழுத்துதான் பிடித்தது. இன்று கையளவு டிஸ்கிலேயே 1 டெராபைட், அதாவது ஒரு லட்சம் கோடி பைட் பிடிக்கும். அப்புறம் எதுக்கு அழிக்கணும்?

ஆனா ஒண்ணு. எந்த டிஸ்கும் ஒருநாள் கெட்டுப்போகும். அதனால் முக்கியமானதை இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்து, பீரோவில் தனியாகப் பூட்டி வைக்கணும்.

அழிக்க ஒரு நொடி போதும். சிந்திப்பீர்!

– 9-ஆம் வகுப்பு மாணவி